மொட்டைத் தலையில் ஒரு முத்திரை

'மங்கி பிசினஸ்' 1931-ல் வந்த ஹாலிவுட் நகைச்சுவைப் படம். மார்க்ஸ் சகோதரர்கள் நால்வரும் மீன் பீப்பாய்க்குள் ஒளிந்துகொண்டு டிக்கெட் இல்லாமல் நியூயார்க் வரை வந்துவிடுகிறார்கள். ஆனால் கரையிறங்க பாஸ்போர்ட் வேண்டும். கைவசம் இருப்பது ஒன்றே ஒன்று, அதுவும் திருடியது: அன்றைக்கு ஊர் உலகமெல்லாம் கொண்டாடிய பிரெஞ்சுப் பாடகர் மொரீஸ் ஷெவாலியேயின் பாஸ்போர்ட். நால்வரும் ஒருவர் பின் ஒருவராக அதையே நீட்டி, "நான்தான் ஷெவாலியே" என்று சாதித்து, சந்தேகம் தீர அவர் பாட்டையும் பாடிக் காட்டுகிறார்கள். படம் முழுக்க வாயே திறக்காத ஹார்ப்போவின் குரல் மட்டும் அச்சு அசலாக ஷெவாலியே மாதிரியே இருக்கிறது. முதுகில் கிராமபோனைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார்! தட்டு சுற்றும் வேகம் தளர்ந்து குரல் இழுக்க, குட்டு உடைகிறது. அவ்வளவுதான். ஹார்ப்போ மேஜைமேல் தாவி, காகிதங்களை வாரி இறைத்து, ரப்பர் ஸ்டாம்பைப் பிடுங்கிக் கண்ணில் பட்டதன் மேலெல்லாம் குத்துகிறார். அதிகாரியின் மொட்டைத் தலையும் தப்பவில்லை.

தொண்ணூறு வருஷத்துக்கும் முந்தைய காட்சி. ஆனாலும் அமெரிக்காவில் எடிசனிலோ ஃப்ரீமான்ட்டிலோ ஹூஸ்டனிலோ பிள்ளைகள் இருக்கிற எந்தத் தமிழ்க் குடும்பத்துக்கும் இதற்கு விளக்கவுரை வேண்டியிருக்காது.

சென்னை ஜெமினி மேம்பாலத்தருகே அமெரிக்கத் துணைத் தூதரகத்து வரிசையில் நிற்கும் பெரியவர்களின் கையிலிருக்கும் பிளாஸ்டிக் ஃபைலைக் கொஞ்சம் நினைத்துப் பாருங்கள். மகனின் பே ஸ்லிப், அவனுடைய விசா மனுவுக்கான ஐ-797 ஒப்புதல் அறிவிப்பு, மருமகளின் அழைப்புக் கடிதம், பேங்க் ஸ்டேட்மென்ட், வீட்டுப் பத்திரத்தின் நகல், பென்ஷன் ஆர்டர். முந்தைய நாள் ராத்திரி டல்லாஸிலிருந்து போனில் ஒத்திகையும் முடிந்திருக்கும். "கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்கப்பா. ரிடையர் ஆன கதையெல்லாம் ஆரம்பிச்சிடாதீங்க." உள்ளே இரண்டு மூன்று நிமிஷம்தான் பேச்சு. பல சமயம் அந்த ஃபைலைத் திறக்கக்கூடச் சொல்வதில்லை. காரணம் சட்டத்திலேயே இருக்கிறது. அமெரிக்காவின் 1952-ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தின் 214(பி) பிரிவு, சுற்றிப் பார்க்க வருகிறேன் என்று விண்ணப்பிக்கும் எவரையும் 'அங்கேயே தங்கிவிடப் போகிறவர்' என்றே முதலில் வைத்துக்கொள்ளச் சொல்கிறது. இல்லை, திரும்பி வந்துவிடுவேன் என்று அதிகாரியை நம்பவைப்பது வருகிறவர் பாடு. வீட்டுப் பத்திரத்தைப் பார்க்காமலே அந்த நம்பிக்கை வரலாம்; பார்த்த பிறகும் வராமல் போகலாம். ஹைதராபாத் அருகே சில்கூர் பாலாஜி கோயிலில் விசா வேண்டி 11 சுற்றும், கிடைத்தபின் 108 சுற்றும் சுற்றுகிறவர்கள் இந்தச் சட்டப்பிரிவைப் படித்திருக்க மாட்டார்கள். ஆனால் அதன் சாரத்தைச் சரியாகவே பிடித்திருக்கிறார்கள்.

பேட்டிக்கு முன்னால் டிஎஸ்-160 என்ற இணையப் படிவம். பெயர், ஊர், வேலை எல்லாம் முடிந்து 'பாதுகாப்பு' பகுதிக்கு வந்ததும் படிவத்தின் குரலே மாறிவிடும். உளவு பார்க்கும் எண்ணம் உண்டா? பயங்கரவாதிகளுக்குப் பண உதவி செய்ததுண்டா? இனப்படுகொலைக்கு உத்தரவிட்டதுண்டா? சிறுவர்களைப் படையில் சேர்த்ததுண்டா? பிறருடைய உடலுறுப்பை வற்புறுத்தி எடுத்து மாற்று அறுவை செய்வதில் நேரடிப் பங்குண்டா? பேரன் காதுகுத்துக்குப் போகிற எழுபது வயது ஓய்வுபெற்ற தலைமையாசிரியர் ஒவ்வொன்றுக்கும் 'இல்லை' என்று அழுத்திக்கொண்டே வருவார்.

இந்தக் கேள்விகளைப் பார்த்துச் சிரித்தவர்களில் முன்னோடி, ஆங்கில எழுத்தாளர் ஜி.கே. செஸ்டர்டன். 1921-ல் சொற்பொழிவுப் பயணமாக அமெரிக்கா கிளம்பியவருக்கு அந்நாட்டுத் துணைத் தூதரகத்தில் ஒரு படிவம் தந்தார்கள். நீங்கள் அராஜகவாதியா, பலதார மணம் செய்தவரா, அமெரிக்க அரசைப் பலாத்காரமாகக் கவிழ்ப்பதை ஆதரிக்கிறீர்களா என்று அதில் கேட்டிருந்தது. மறு வருஷம் வெளிவந்த 'வாட் ஐ ஸா இன் அமெரிக்கா' புத்தகத்தின் முதல் கட்டுரையே இந்தப் படிவத்தைப் பற்றியதுதான். அரசைக் கவிழ்ப்பது பற்றிய கேள்வியை நாட்டைச் சுற்றிப் பார்ப்பதற்கு முன்னால் கேட்டால் எப்படி, பார்த்து முடித்த பிறகல்லவா பதில் சொல்ல முடியும் என்கிற தோரணையில் எழுதினார். கத்தியை மறைத்துக்கொண்டு வருகிற அராஜகவாதி படிவத்தில் மட்டும் அரிச்சந்திரனாக இருப்பான் என்று நம்புகிற அரசாங்கத்தின் வெள்ளை மனசைத்தான் அவர் கிண்டல் செய்தார்.

அந்தக் கேள்விகளுக்கு வரலாறு இருக்கிறது. பலதார மணக்காரர்களுக்குத் தடை 1891-ஆம் ஆண்டுச் சட்டத்தில் வந்தது. 1901-ல் ஜனாதிபதி மக்கின்லியை ஓர் அராஜகவாதி சுட்டுக் கொன்றான். 1903-ல் அராஜகவாதிகளுக்குத் தடை வந்துவிட்டது. ஒவ்வொரு பீதியும் படிவத்தில் ஒரு வரியை விட்டுச் செல்லும். பின்னாளில் விசா இல்லாமல் வரும் நாட்டினருக்கான ஐ-94டபிள்யூ என்ற பச்சை அட்டையில், 1933-க்கும் 1945-க்கும் இடையில் நாஜிகளின் கொடுமைகளில் பங்கேற்றீர்களா என்ற கேள்வி பல்லாண்டு காலம் இருந்தது. அந்தக் காலத்தில் பிறந்தேயிராத இளைஞர்களும் அதற்குப் பதில் எழுதினார்கள்.

ஆனால் செஸ்டர்டன் ஒன்றைக் கவனிக்கவில்லை. இந்தக் கேள்விகளைக் கேட்பவர்கள் 'ஆம்' என்ற பதிலை எதிர்பார்ப்பதில்லை. ஒருவர் இருபது வருஷம் முன்னால் வேறொரு கண்டத்தில் செய்த கொடுமையை அமெரிக்க நீதிமன்றத்தில் நிரூபிப்பது கஷ்டம். விண்ணப்பத்தில் பொய் சொன்னார் என்று நிரூபிப்பது சுலபம். ஜான் டெம்யான்யுக் என்ற முன்னாள் நாஜி முகாம் காவலரின் அமெரிக்கக் குடியுரிமை பறிக்கப்பட்டது, போர்க்காலத்தில் தான் பார்த்த வேலையை விசா விண்ணப்பத்தில் மறைத்தார் என்பதை வைத்துத்தான். வேடிக்கையாகத் தோன்றும் கேள்வி ஒரு பொறி. பெரும்பாலானவர்கள் அதைச் சிரித்தபடி தாண்டிப் போய்விடுகிறோம்.

சினிமாவில் செஸ்டர்டன் வேலையைச் செய்தவர் சாப்ளின். 1917-ல் எடுத்த 'தி இமிக்ரன்ட்' படத்தில், கப்பலில் வந்தவர்கள் சுதந்திர தேவி சிலையை வாய் பிளந்து பார்க்கிற அதே நொடியில் அதிகாரிகள் வந்து அவர்களைக் கயிறு கட்டி மந்தைபோல் ஒதுக்குவார்கள். பின்னால் வந்து நிற்கும் அதிகாரியைச் சாப்ளின் காலால் ஓர் உதை விடுவார். நாற்பது வருஷம் கழித்து அந்த உதையின் இரண்டாம் பாகம் வந்தது. 1952-ல் சாப்ளின் லண்டனுக்குக் கப்பலில் போய்க்கொண்டிருக்கும்போதே அவர் திரும்பி வருவதற்கான அனுமதியை அமெரிக்கா ரத்து செய்துவிட்டது. 1957-ல் இங்கிலாந்தில் அவர் எடுத்த 'எ கிங் இன் நியூயார்க்' படத்தில், நாடிழந்த ராஜா ஒருவர் அமெரிக்காவில் வந்து இறங்குகிறார். நிருபர்கள் சூழ்ந்துகொள்ள, இந்த நாட்டின் சுதந்திரக் காற்றைப் பற்றி அவர் மனமுருகிப் பேசிக்கொண்டிருக்கிறார். பேச்சு முடியும்வரைகூடக் காத்திராமல், அவர் விரல்களை ஒவ்வொன்றாக மையில் தோய்த்து ரேகை எடுத்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தப் படம் அமெரிக்கத் திரையரங்குகளுக்கு வந்தது 1970-களில்தான். இன்று அந்த மை இல்லை. நாடிழந்த ராஜாவானாலும் ரிடையர்டு வாத்தியாரானாலும் பத்து விரலையும் கண்ணாடிமேல் வைக்கவேண்டும்.

ராஜா என்றதும் ஷாருக் கான் ஞாபகத்துக்கு வருவது இயல்பு. 2009 ஆகஸ்டில் நியூ ஜெர்சியின் நெவார்க் விமான நிலையத்தில் அவரை ஒரு மணி நேரத்துக்கும் மேல் நிறுத்தி வைத்து விசாரித்தார்கள். 2012-ல் நியூயார்க் அருகே இன்னொரு முறை. அன்றே யேல் பல்கலைக்கழக மேடையேறி, தலைக்கனம் ஏறும்போதெல்லாம் அமெரிக்காவுக்கு ஒரு டிரிப் அடித்துவிட்டு வருவேன் என்று சொல்லி அரங்கத்தைச் சிரிக்க வைத்தார். நட்சத்திரத்துக்கு இந்தச் சலுகை உண்டு. கவுன்ட்டரைத் தாண்டி வந்தபின் மைக் கிடைக்கிறது.

காகிதக் கிண்டலை ஒரு முழுக் கலையாகவே வளர்த்தவர் சால் ஸ்டைன்பெர்க். ருமேனியாவில் 1914-ல் பிறந்த யூதர். மிலான் நகரில் கட்டடக்கலை படித்தவர். முசோலினியின் இன வெறிச் சட்டங்கள் அவருடைய பட்டச் சான்றிதழிலேயே 'யூத இனம்' என்று எழுத வைத்தன. வேலை கிடையாது, விசா கிடையாது, ருமேனிய பாஸ்போர்ட்டும் காலாவதி. வேறு வழியில்லாமல், தானே செய்த ஒரு ரப்பர் ஸ்டாம்பைக் கொண்டு பாஸ்போர்ட்டைக் கொஞ்சம் 'புதுப்பித்து' 1941-ல் ஐரோப்பாவை விட்டுத் தப்பினார். நியூயார்க் வந்தும் உள்ளே விடவில்லை. ருமேனியர்களுக்கான ஒதுக்கீடு மிகச் சிறியது, அதுவும் தீர்ந்திருந்தது. எல்லிஸ் தீவில் வைத்திருந்துவிட்டு, டொமினிக்கன் குடியரசுக்கு அனுப்பினார்கள். அங்கிருந்தபடியே 'நியூயார்க்கர்' பத்திரிகைக்குப் படங்கள் வரைந்து அனுப்பி, அந்தப் பத்திரிகையின் ஆதரவோடு ஒரு வருஷம் கழித்து அமெரிக்காவுக்குள் வந்தார்.

1954-ல் ஸ்டைன்பெர்க் வெளியிட்ட ஓவியத் தொகுப்பின் பெயர் 'தி பாஸ்போர்ட்'. அவர் வரைந்த போலி ஆவணங்களைக் கிட்டப் போய்ப் பார்க்கவேண்டும். தூரத்திலிருந்து பார்த்தால் பழைய சான்றிதழ்: வளைந்து நெளியும் அழகான கையெழுத்து, ஓரத்தில் கம்பீரமான முத்திரை, கீழே அதிகாரியின் கையொப்பம். நெருங்கினால் ஓர் எழுத்துகூட எழுத்தில்லை. எந்த மொழியும் இல்லாத வெறும் கோட்டுச் சுழல். முத்திரையிலும் வார்த்தை கிடையாது. ஆனாலும் பார்க்கிறவர் மனசு சட்டென்று மரியாதைக்குத் தயாராகிவிடுகிறது. அங்கேதான் ஓவியர் சிரிக்கிறார். வேறு சில படங்களில் மனிதருக்குத் தலை இருக்க வேண்டிய இடத்தில் கட்டை விரல் ரேகை ஒன்று உட்கார்ந்திருக்கும். அதிகாரிக்குத் தேவை ரேகைதான் என்றால் முகம் எதற்கு? காகிதத்தால் உயிர் பிழைத்தவர், காகிதத்தால் அலைக்கழிக்கப்பட்டவர். அந்த இரண்டு அனுபவமும் இல்லாதவருக்கு இப்படி வரைய வராது.

2001 செப்டம்பர் தாக்குதலுக்குப் பிறகு வேடிக்கையின் நிறம் மாறியது. 2002-ல் அமெரிக்கா கொண்டுவந்த என்சீர்ஸ் என்ற சிறப்புப் பதிவுத் திட்டம் 25 நாடுகளின் ஆண்களை நேரில் வந்து பெயர் பதியச் சொன்னது. வட கொரியா நீங்கலாக அத்தனையும் முஸ்லிம்கள் பெரும்பான்மையாக உள்ள நாடுகள். வரிசையில் நின்று ஒழுங்காகப் பதிந்தவர்களிலேயே ஆயிரக்கணக்கானோர் நாடு கடத்தல் வழக்கைச் சந்தித்தார்கள். 2004-ல் சித்ரா கணேஷ், மரியம் கனி என்ற இரு நியூயார்க் கலைஞர்கள் 'இன்டெக்ஸ் ஆஃப் தி டிஸப்பியர்ட்' என்ற பணியைத் தொடங்கினார்கள். அதில் ஒரு வினாப்படிவம் உண்டு. அரசாங்கப் படிவம் கேட்கிற எதையும் அது கேட்காது. பிடித்தவை, நினைவில் நிற்பவை, கனவில் வருபவை என்று, எந்த நீதிமன்றத்திலும் சாட்சியமாக வைக்க முடியாத விஷயங்களையே கேட்கும். படிவத்தின் சட்டகம் அதேதான். உள்ளே உட்காருகிறவர் மட்டும் சந்தேக நபரிலிருந்து மனுஷராகிவிடுகிறார்.

இந்தக் காலகட்டத்தின் மிகக் கூர்மையான கிண்டல்காரர், வங்கதேசத்தில் பிறந்து அமெரிக்கக் குடிமகனான ஹசன் எலாஹி. 2002 ஜூனில் வெளிநாட்டுப் பயணம் முடிந்து டெட்ராய்ட் விமான நிலையத்தில் இறங்கினார். பாஸ்போர்ட்டைத் தேய்த்த அதிகாரியின் முகம் மாறியது. தனி அறைக்கு அழைத்துப் போனார்கள். ஃப்ளோரிடாவின் டாம்பாவில் வாடகைக்கு எடுத்திருந்த ஒரு சேமிப்பறையில் அவர் வெடிபொருள் வைத்திருந்து, 2001 செப்டம்பர் 12 அன்று ஓடிவிட்டதாக யாரோ புகார் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கு எங்கே இருந்தாய் என்ற கேள்விக்கு எலாஹி தன் கையடக்கக் கருவியைத் திறந்து, மணிவாரியாகக் குறித்து வைத்திருந்ததைப் படித்துக் காட்டினார். அப்படியும் எஃப்.பி.ஐ. விசாரணை ஆறு மாதம் ஓடியது. பொய் கண்டறியும் சோதனை மட்டும் ஒன்பது.

கடைசியில் குற்றமில்லை என்றாகிவிட்டது. அப்படியென்றால் அதை ஒரு கடிதமாகக் கொடுங்களேன், அடுத்த முறை ஏர்போர்ட்டில் காட்டிக்கொள்கிறேன் என்று கேட்டார். முடியாது. குற்றமே சாட்டப்படாதவருக்கு நிரபராதி என்று எப்படிச் சான்றிதழ் தருவது? கோடிக்கணக்கான படிவம் அடிக்கிற அரசாங்கத்திடம் அந்த ஒரு காகிதம் மட்டும் இல்லை. வெளியூர் போவதற்கு முன்னால் ஒரு போன் செய்துவிடு, போதும் என்றார்கள்.

செய்தார். போன் மின்னஞ்சலானது; மின்னஞ்சலில் படங்கள் சேர்ந்தன; பிறகு 'டிராக்கிங் டிரான்ஸியன்ஸ்' என்ற இணையதளமாகவே ஆகிவிட்டது. இப்போது இருக்குமிடம் வரைபடத்தில். சாப்பிட்ட ஒவ்வொரு தட்டின் படமும் உண்டு. பெட்ரோல் பங்க், விமான நிலையத்து நாற்காலி, ஹோட்டல் கட்டில், பயன்படுத்திய கழிப்பறைகள் என்று எதுவும் பாக்கியில்லை. வங்கிக் கணக்கில் காசு போன விவரமும் சேர்ந்தது. எத்தனை ஆயிரம் படம் பார்த்தாலும் எலாஹியின் முகம் மட்டும் எங்கும் இருக்காது; எல்லாம் அவர் கண் முன் இருந்தவை. உங்களுக்குத் தகவல்தானே வேண்டும், இந்தாருங்கள், மூழ்கிப் போங்கள் என்பதுதான் இதன் கிண்டல். நியூ ஜெர்சியின் ரட்கர்ஸ் பல்கலைக்கழகத்திலும் பிறகு சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதியின் சான் ஹோசே மாநிலப் பல்கலைக்கழகத்திலும் அவர் கலை கற்பித்துக்கொண்டே இதைத் தொடர்ந்தார். வெனிஸ் பினாலே கலைக் கண்காட்சி வரை அந்தக் கழிப்பறைப் படங்கள் போயிருக்கின்றன.

அரசைத் திட்டிய கலைஞர்கள் எத்தனையோ பேர். எலாஹி திட்டவில்லை. கேட்டதற்கு மேல் பதில் சொன்னார். கீழ்ப்படிதலையே மிகைப்படுத்திக் காட்டினார்.

இதற்கு நேர் எதிர் வழியில் போனவர் நம்மவர். மாதங்கி அருள்பிரகாசம் என்றால் யோசிப்பவர்களுக்கும் எம்.ஐ.ஏ. என்றால் தெரியும். லண்டனில் பிறந்து, யாழ்ப்பாணத்திலும் கொஞ்ச காலம் சென்னையிலும் வளர்ந்து, 1986-ல் குடும்பத்தோடு அகதியாக மீண்டும் லண்டன் போனவர். 2006-ல் இரண்டாவது ஆல்பத்துக்காக அமெரிக்கா போக நினைத்தபோது விசா கிடைக்கவில்லை. புரூக்ளினில் வாடகைக்கு எடுத்த வீடு அங்கே பூட்டிக் கிடக்க, இவர் இந்தியா, டிரினிடாட், லைபீரியா, ஆஸ்திரேலியா என்று ஊர் ஊராகப் போய்ப் பதிவு செய்தார். சென்னையில் உறுமிக் கலைஞர்களை உட்கார வைத்து எடுத்த தாளங்கள்தான் 'பாய்ஸ்', 'பேர்ட் ஃப்ளூ' பாடல்களில் அதிர்கின்றன. அமெரிக்கத் தூதரகம் கதவைச் சாத்தியிருக்காவிட்டால் கோடம்பாக்கத்துப் பறையும் உறுமியும் அந்த ஆல்பத்துக்குள் இவ்வளவு தூரம் போயிருக்குமா என்பது சந்தேகமே.

தாயின் பெயரை வைத்த அந்த 'கலா' ஆல்பம் 2007-ல் வந்தது. அதிலுள்ள 'பேப்பர் பிளேன்ஸ்' பாட்டில் பேசுகிறவள் ஒரு கள்ள விசாக்காரி. என் பெயரிலேயே விசா இருக்கிறது, யார் வந்தாலும் அடித்துத் தருவேன் என்று தாலாட்டுகிற மாதிரிக் கொஞ்சலான குரலில் சொல்கிறாள். நடுவே குழந்தைகள் கோரஸ் பாட, துப்பாக்கி நான்கு முறை சுடுகிறது, கல்லாப் பெட்டி கிணிங்கென்று திறக்கிறது. வெளியூரிலிருந்து வருகிறவனைப் பற்றி உள்ளூர்க்காரனுக்கு என்னென்ன பயம் உண்டோ அத்தனையையும், ஆமாம், நான் அப்படித்தான் என்று ஒரு பொய் வாக்குமூலமாகக் கொடுத்துவிடுகிறாள். டிஎஸ்-160-ன் பாதுகாப்புக் கேள்விகள் அனைத்துக்கும் 'ஆம்' என்று அழுத்தினால் எப்படியிருக்குமோ, அதுதான் இந்தப் பாட்டு. விசா மறுத்த அதே அமெரிக்காவில் 2008-ல் பில்போர்டு பட்டியலின் நான்காம் இடம் வரை ஏறியது. கிராமி விருதில் ஆண்டின் சிறந்த ஒலிப்பதிவுக்கான பரிந்துரையும் பெற்றது. தொலைக்காட்சியில் துப்பாக்கிச் சத்தத்தை மட்டும் மழுங்கடித்து ஒலிபரப்பினார்கள். பயந்தவர்களுக்குக் கிண்டல் புரியவில்லை என்பதா, நன்றாகவே புரிந்துவிட்டது என்பதா?

புகலிடம் தேடிய ஈழத் தமிழர்களுக்குக் காகிதம் வெறும் தொந்தரவல்ல, உயிர்ப் பிரச்சினை. ஷோபாசக்தியின் 'கொரில்லா' நாவல் தொடங்குவதே பிரான்ஸில் அகதி வழக்காடுகிற ஒருவரின் விண்ணப்பக் கடிதத்தோடுதான். அதிகாரிக்குப் புரிகிற நடையில் தன் வாழ்க்கையைச் சுருக்கி எழுதவேண்டிய கொடுமையை ஷோபாசக்தி சிரிக்கச் சிரிக்க எழுதுகிறார். சிரித்து முடித்ததும் வாசகருக்குத் தொண்டை அடைக்கும்.

மீண்டும் சான் ஃபிரான்சிஸ்கோ வளைகுடாப் பகுதிக்கு வருவோம். மணிலாவில் பிறந்து பெர்க்லியில் கலை கற்பிக்கும் ஸ்டெஃபனி ஸியூகோவின் 'அப்ளிகன்ட் ஃபோட்டோஸ்' வரிசை பார்ப்பதற்கு எளிமையானது. விண்ணப்பத்துக்கு ஒட்டுகிற பாஸ்போர்ட் அளவுப் படங்கள். படத்தில் ஆள் இருக்கிறார். முகத்தைத்தான் பூப்போட்ட, கட்டம் போட்ட துணி மூடியிருக்கிறது. விசா போட்டோ எடுத்தவர்களுக்கு இதன் குறும்பு உடனே பிடிபடும். இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலம், வெள்ளைப் பின்னணி, பல் தெரியச் சிரிக்கக் கூடாது. 2016 நவம்பரிலிருந்து மூக்குக் கண்ணாடியும் கூடாது. "அம்மா, பொட்டு இருக்கட்டும், கண்ணாடியைக் கழட்டுங்க" என்று ஸ்டூடியோக்காரர் சொல்கிற அந்த விதிகளில் பாதியை ஸியூகோ அப்படியே வைத்துக்கொண்டு, முகம் என்ற ஒன்றை மட்டும் தர மறுக்கிறார். இதே பெர்க்லியிலும் சான் ஹோசேயிலும் பணியாற்றும் கட்டடக் கலைஞர்கள் ரொனால்டு ரயேல், விர்ஜீனியா சான் ஃப்ரட்டெல்லோ இருவரும் 2019 ஜூலையில், டெக்சஸின் எல் பாசோ நகரை ஒட்டி மெக்சிகோ எல்லைச் சுவரின் கம்பி இடைவெளிகளில் இளஞ்சிவப்பு ஸீஸா பலகைகளைச் செருகி, இரண்டு நாட்டுக் குழந்தைகளையும் ஏறி ஆடவிட்டார்கள். கொஞ்ச நேர ஆட்டம்தான். ஆடியவர்களிடம் யாரும் காகிதம் கேட்கவில்லை.

சில சமயம் படிவமே கலைஞரை மிஞ்சிவிடும். விமானத்தில் முன்பு கையில் தருவார்களே, நீல நிறச் சுங்கத் தாள், அதில் பழம், காய்கறி, செடி, விதை, உணவு, பூச்சி எல்லாம் ஒரே வரியில் வரும். கீழே நோய்க்கிருமியும் நத்தையும் இன்னொரு வரியில். அதற்கும் கீழே, மண் கொண்டு வருகிறீர்களா, பண்ணைக்குப் போய் வந்தீர்களா? தஞ்சாவூர்ப் பக்கம் நேற்றுவரை வயலில் நின்ற மனுஷர் என்ன பதில் எழுதுவார்? பெட்டியில் மாவடு, வத்தல், கறிவேப்பிலைப் பொடி. "ஊறுகாய் இருக்கான்னு கேட்டா இருக்குன்னே சொல்லிடுங்கம்மா. மறைச்சாதான் அபராதம்" என்று மகள் நெவார்க்கிலிருந்து சொல்லியனுப்பியிருப்பாள். பல விமான நிலையங்களில் அந்தத் தாள் இப்போது இல்லை. கேள்விகள் இருக்கின்றன.

கிண்டலை நிஜமென்று நம்பிய விபரீதமும் நடந்தது. ஸ்லொவேனியாவின் என்.எஸ்.கே. என்ற கலைக்குழு 1992-ல் நிலமே இல்லாத ஒரு நாட்டை அறிவித்து பாஸ்போர்ட் அச்சடித்தது. அசல் மாதிரியே நேர்த்தியான புத்தகம். பல வருஷங்கள் கழித்து நைஜீரியாவிலிருந்து விண்ணப்பங்கள் குவிந்தன. விண்ணப்பித்த பலர் அதை உண்மையான ஐரோப்பிய நாடு என்றே நம்பியிருந்தார்கள். இது பயணத்துக்கு உதவாது, கலைப்பொருள் மட்டுமே என்று குழு விளக்கம் சொல்ல வேண்டியதாயிற்று. நல்ல பாஸ்போர்ட் உள்ளவருக்கு விளையாட்டாகத் தெரிகிற காகிதம், இல்லாதவருக்கு அப்படித் தெரியாது. இந்த வகைக் கலையைப் பாராட்டுகிறவர்கள் இதை மறக்கக் கூடாது.

எலாஹியின் கதைக்கு ஒரு பின்குறிப்பு உண்டு. அதை எழுதியது அமெரிக்க வெளியுறவுத் துறை. 2019 மே மாதத்திலிருந்து டிஎஸ்-160 படிவம், விண்ணப்பதாரர் கடந்த ஐந்து வருஷத்தில் பயன்படுத்திய சமூக ஊடகக் கணக்குகளின் பெயரைக் கேட்கிறது. 2025 ஜூனில் மாணவர் விசாவுக்கு வருகிறவர்கள் தங்கள் கணக்குகளை எல்லோரும் பார்க்கும்படி திறந்து வைக்கவேண்டும் என்று அறிவிப்பு வந்தது. அதே ஆண்டு டிசம்பர் 15 முதல் ஹெச்-1பி வேலை விசாக்காரர்களுக்கும், ஹெச்-4 விசாவில் வரும் அவர்கள் குடும்பத்தினருக்கும் அதுவே. தின்ற தோசையின் படத்தையும் போன ஊரின் படத்தையும் அதிகாரி பார்க்கத் திறந்து வைப்பது 2003 வாக்கில் ஒரு கலைஞரின் எகத்தாளமாக இருந்தது. இன்றைக்குக் கோயம்புத்தூரிலிருந்து ஆஸ்டினுக்கு எம்.எஸ். படிக்கப் போகிற பையனுக்கு அது நடைமுறை விதி.

இவ்வளவு அனுபவம் நம்மிடம் இருக்கிறது. விசா ஸ்டாம்பிங்குக்காகச் சென்னை வந்து மாட்டிக்கொண்டவர், 214(பி)யில் அப்பாவின் விசா ரிஜெக்ட் ஆனவர், தங்கும் கெடு முடிகிற ஐ-94 தேதியைக் காலண்டரில் வட்டம் போட்டு வைத்திருப்பவர் என்று நியூ ஜெர்சியிலும் டெக்சஸிலும் தெருவுக்குத் தெரு ஆள் உண்டு. பிள்ளைகளின் பிறந்தநாள் விருந்தில் இந்தக் கதைகளைச் சொல்லி வயிறு குலுங்கச் சிரிக்கிறோம். மேடைக்கு வந்தால் மட்டும் மாமியார், மருமகள், மறந்துபோன தமிழ் என்று பழைய துணுக்குகளுக்கே போய்விடுகிறோம். தமிழ்ச் சங்க விழாக்களுக்கு நாடகம் எழுதுகிறவர்கள் ஒருமுறை டிஎஸ்-160-ஐ முன்னால் வைத்துக்கொண்டு உட்காரலாம். பாதி வசனம் அதில் எழுதியே இருக்கிறது. கார்ட்டூன் வரைகிற பிள்ளைகள் அந்த பிளாஸ்டிக் ஃபைலை ஒருமுறை திறந்து பார்க்கலாம்.

விளையாட்டை மட்டும் மேடையோடு வைத்துக்கொள்ளுங்கள். விசா விண்ணப்பத்தில் தெரிந்தே பொய் சொன்னதாக முடிவானால், அமெரிக்கச் சட்டப்படி ஆயுள் முழுக்க நுழைவு மறுக்கப்படலாம்.